நாடக ஆய்வாளர் என்ன செய்கிறார்? சேதுக் கரையிலிருந்து வந்த கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் என் ஊர். அப்பா வலைத்தொழில் செய்தவர். நான் தமிழ் படித்து, நாடகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். "நாடகத்துக்குக்கூட டாக்டர் பட்டம் குடுப்பாகளா?" என்று ஊரில் கேட்கத் தொடங்கியது இன்றுவரை நின்றபாடில்லை. கேட்பவர்களில் மாணவர்கள் உண்டு, அவர்களைப் பெற்றவர்கள் உண்டு, நாடகக் கலைஞர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நாடக ஆய்வாளர் என்றால் நடிக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. தெரிந்தால் நல்லது. ஆனால் வேலை வேறு.

கவிதை புத்தகத்தில் கிடக்கிறது. சினிமாவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி போட்டுப் பார்க்கலாம். நேற்று ராத்திரி மேடையில் நடந்த நாடகமோ, விடிந்து மைக்செட்டைக் கழற்றும்போதே போய்விட்டது. மிச்சம் இருப்பவை ஒரு நோட்டீஸ், ஒரு பாட்டு நோட்டு, நாலு போட்டோ, பார்த்தவர்களின் ஞாபகம். இந்தத் துண்டுகளை வைத்துக்கொண்டு அன்றைக்கு அங்கே என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, பார்த்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று எழுதுகிறவர்தான் நாடக ஆய்வாளர். நாடகப் பனுவலை மட்டும் படித்து ஆராய்பவர்களும் உண்டு. அந்த ஆய்வுக்கும் மதிப்பு இருக்கிறது. ஆனால் என் மனம் எப்போதும் மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து எழுதியவர்கள் பக்கம்தான் சாயும். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அந்தச் சாய்வையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

'நவீன நாடகம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊர் வள்ளி திருமணம் அதில் சேருமா?

நார்வேக்காரர் இப்சன் 1879-ல் ஒரு குடும்பப் பெண் கதவைச் சாத்திவிட்டு வீட்டை விட்டுப் போவதாக நாடகம் எழுதினார். உலக அளவில் நவீன நாடகத்தைப் பெரும்பாலும் அவரிடமிருந்து தொடங்குவார்கள். தமிழில் அந்தச் சொல் பிந்தி வருகிறது. 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, அதே ஆண்டு சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் ஆகியவற்றை ஒட்டிப் பரவியதைத்தான் இங்கே 'நவீன நாடகம்' என்கிறோம்.

அப்படியானால் வள்ளி திருமணம் பழசா? கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஆர்மோனியம் ஐரோப்பாவில் பிறந்த பெட்டி. வரைந்து தொங்கவிடும் படுதாவும் டிக்கெட் போட்டு நடத்தும் கொட்டகையும் பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகளைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம்மிடம் வந்தவை. இவற்றுக்குள் முருகன் கதையையும் அரிச்சந்திரன் கதையையும் பாட்டும் வசனமுமாக அமைத்துக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் காலத்தில் அதுதான் புது நாடகம். நூறு வருஷம் ஆனதும் நமக்குப் பழமையாகத் தெரிகிறது.

வள்ளி திருமணம் போல, கலைஞர்களைத் தனித்தனியே அழைத்து ராத்திரி முழுக்க நடத்துவதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நான் அதை ஆய்வுத் தலைப்பாகக் கொண்டுபோனபோது, 'ஸ்பெஷல் நாடகம் எப்படியம்மா நவீனத்தில் வரும், தலைப்பை மாற்று' என்றார் பெரியவர் ஒருவர். மாற்றவில்லை. இரண்டு வருஷம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினேன். இன்றைக்கும் அதுதான் என் ஆய்வில் உருப்படியான அத்தியாயம்.

தமிழ்நாட்டில் நாடகத்தை ஆராய்ந்தவர்கள் யார் யார்? யாரிடமிருந்து தொடங்குவது?

பரிதிமாற் கலைஞர் 1897-ல் 'நாடகவியல்' எழுதினார். நாடகத்துக்குத் தமிழில் இலக்கணம் வகுக்க நினைத்த முயற்சி அது. பம்மல் சம்பந்த முதலியார் ஆய்வாளர் அல்லர். ஆனால் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி நடத்திய கதையை அவர் நினைவுக் குறிப்புகளாக எழுதி வைத்ததால், நமக்கெல்லாம் கைப்பொருள் கிடைத்தது. கலைஞர்கள் தங்கள் ஞாபகத்தை எழுதி வைத்தால் எவ்வளவு உதவி என்று அதைப் படிக்கும்போது தெரியும்.

பல்கலைக்கழகம் என்று வந்தால் சே. இராமானுஜத்தைச் சொல்ல வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, காந்திகிராமத்திலும் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தவர். எழுதியதைவிட உருவாக்கிய ஆட்கள் அதிகம். மு. ராமசுவாமி தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். கிரேக்க நாடகத்தைத் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். பாவைக்கூத்தும் கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிசும் ஒரே ஆளிடம் எப்படிக் கூடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாடக ஆய்வில் அப்படிக் கூடுவதுதான் இயல்பு. அ. மங்கை கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர், இயக்குநர். இந்திய மேடையில் பெண்கள், பால்நிலை பற்றி அவர் எழுதியதைப் படிக்காமல் இன்று யாரும் அந்தப் பொருளைத் தொட முடியாது. அ. ராமசாமி புதுச்சேரியிலும் நெல்லையிலும் பேராசிரியராக இருந்துகொண்டு, விடாமல் நாடகம் பார்த்து, விடாமல் எழுதியவர்.

நம் மண்ணுக்காரர் ஒருவரைத் தனியாகச் சொல்லணும். கே. ஏ. குணசேகரன். 1955-ல் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் பிறந்தார். அது இன்று சிவகங்கை மாவட்டம். 1985-ல் மாவட்டம் பிரியும் வரை ராமநாதபுரம்தான். ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, பாடகராக ஊர் ஊராகப் பாடி, நாட்டார் கலைகளை ஆராய்ந்து, புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத்துறையின் தலைவராகி, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். அவர் எழுதிய 'பலி ஆடுகள்' தமிழ்த் தலித் நாடகத்தின் தொடக்கமாகப் பேசப்படுகிறது. 2016 ஜனவரியில் காலமானார். ஆய்வாளராக வேண்டும் என்று வரும் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் முதலில் அவருடைய தன்வரலாற்றைக் கையில் கொடுப்பேன். 'நமக்கெல்லாம் இது சரிப்படுமா' என்ற தயக்கம் அதைப் படித்த பிறகு கொஞ்சம் இறங்கும்.

நாடக ஆய்வு என்றால் இலங்கைப் பேராசிரியர்களின் பெயர்கள் ஏன் இவ்வளவு வருகின்றன?

பாம்பனில் நின்று பார்த்தால் மதுரையைவிட மன்னார் கிட்டத்தில் இருக்கிறது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை ரயிலில் வந்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்குவது வாடிக்கையான பயணம். தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் யாழ்ப்பாணம் போய் ஆடின. அங்கேயும் இசைநாடகம் வேர் பிடித்தது. காங்கேசன்துறையின் வி. வி. வைரமுத்து ஆடிய அரிச்சந்திர மயான காண்டத்தைப் பற்றி அந்தத் தலைமுறை இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறது.

ஆய்விலும் அந்தக் கரை நமக்கு முன்னால் போயிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சு. வித்தியானந்தன், மட்டக்களப்பிலிருந்து அண்ணாவிமார் என்னும் கூத்து ஆசிரியர்களை வரவழைத்து, மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி, விடிய விடிய நடக்கும் ஆட்டத்தைச் சுருக்கி அரங்கத்துக்குக் கொண்டு வந்தார். 1962-ல் 'கர்ணன் போர்', பின்னால் 'இராவணேசன்'. மன்னார்க் கத்தோலிக்கரின் பழைய நாடக ஏடுகளைத் தேடிப் பதிப்பித்ததும் அவர்தான். அந்தக் கூத்துகளில் கர்ணனாகவும் இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து பேராசிரியரானார். காலில் சலங்கை கட்டி ஆடியவரே பிறகு அதை ஆராய்ந்தார் என்பதால், தாளக்கட்டைப் பற்றி அவர் எழுதும் ஒரு வரி மற்றவர்களின் ஒரு பக்கத்துக்குச் சமம்.

கா. சிவத்தம்பி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். கிரேக்க நாடகம் எப்படிச் சடங்கிலிருந்தும் சமூக மாற்றத்திலிருந்தும் பிறந்தது என்று எழுதியவர் தாம்சன். அதே கேள்வியைச் சங்க காலத்திடம் கேட்டார் சிவத்தம்பி. 1970-ல் முடித்த அந்த ஆய்வு 1981-ல் நூலானது. பழந்தமிழ் நாடகம் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அங்கே 'நாடகமும் அரங்கியலும்' உயர்தர வகுப்பில் ஒரு பாடம். பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை எழுதுகிறார்கள். நமக்கோ தமிழ்ப் புத்தகத்துக்குள் ஒரு நாடகப் பகுதி வந்தால் உண்டு. மேடையேற்றுவதையும் நிகழ்த்துவதையும் இயக்குவதையும் குறிக்க அளிக்கை, ஆற்றுகை, நெறியாள்கை என்று நாம் இன்று கட்டுரையில் எழுதும் சொற்கள் அந்தக் கரையில் புழங்கி நம்மிடம் வந்தவை. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் போர்க்காலத்தில் எழுதிய நாடகங்களைப் பற்றியும் இந்த இடத்தில் நிறையச் சொல்லலாம். அதற்கு ஒரு தனிப் பக்கமே வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வாளர்களைப் படிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். ஆனால் யாரை, எதற்காக என்று தெரிந்து படியுங்கள்.

மார்ட்டின் எஸ்லின் 1961-ல் 'அபத்த நாடகம்' என்று ஒரு பெயர் வைத்தார். அவர் பிபிசி வானொலியின் நாடகப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். வாழ்வின் பொருளின்மையை மேடையில் காட்டிய பெக்கெட், அயனெஸ்கோ போன்ற நாடகாசிரியர்களை அந்த ஒரு பெயருக்குள் சேர்த்தார். அந்தப் பெயர் தமிழுக்கும் வந்து, புரியாத நாடகத்தை எல்லாம் அபத்த நாடகம் என்று சொல்லும் வழக்கத்தில் முடிந்தது. ஆய்வாளர் வைக்கும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி. பீட்டர் சோண்டி என்ற ஆய்வாளர் 1956-ல் எழுதியது எனக்கு இன்னும் பிடித்தது. மனிதர்கள் எதிரெதிரே நின்று பேசிக்கொள்வதால் நகர்வதுதான் நாடகம் என்றிருந்தது. இப்சன், ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் காலத்தில் மனிதர்கள் பேசினாலும் அந்தப் பேச்சால் எதுவும் நகராமல் போகிறது, அந்த முறிவில்தான் நவீன நாடகம் பிறக்கிறது என்பது அவர் வாதம். செகாவைப் படித்துவிட்டு இதைப் படித்தால் பொறி தட்டும்.

ரிச்சர்டு ஷெக்னர் நியூயார்க்கில் 'நிகழ்த்துதல் ஆய்வு' என்று ஒரு துறையையே எழுப்பியவர். காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகரில் 31 நாள் நடக்கும் ராம்லீலாவைக் கூடவே இருந்து பார்த்து எழுதினார். மேடை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அந்த எழுத்து.

நம் பகுதிக்கு எல்லோரையும்விட முக்கியமானவர் சூசன் சைஸர். 1990களில் மதுரையில் தங்கி, ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு வேன்களிலும் பஸ்களிலும் பயணம் செய்து, 2005-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். பபூனின் நகைச்சுவை, நோட்டீஸில் போட்டோ போடும் முறை, கலைஞர்கள் தங்களுக்குள் பேசும் மறைமொழி எல்லாம் அதில் இருக்கின்றன. வடமாவட்டங்களில் விடிய விடிய ஆடும் கட்டைக்கூத்துக்கு இப்படி உழைத்தவர் நெதர்லாந்தின் ஹன்னா டி பிரயின். இங்கேயே தங்கிவிட்டார். இவ்வளவு தூரத்திலிருந்து வந்து அவர்கள் பார்த்ததை, நாடகக் கொட்டுச் சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கும் நாம் பார்க்காமல் விட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு.

எங்கே படிக்கலாம்?

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் உள்ள நிகழ்கலைப் பள்ளி. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் தலைவர். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறை. கொஞ்சம் தூரம் போக முடிந்தால் ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். தேசிய நாடகப் பள்ளி தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். ஆய்வுப் பட்டத்துக்கு வேறு இடம்தான் தேட வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ முதுகலை முடித்துவிட்டு நாடகத்தில் ஆய்வு செய்வதும் நடைமுறையில் உள்ள வழி. நான் வந்த வழியும் அதுதான்.

நம் கடற்கரையில் ஆராய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கீழக்கரையில் தொடங்குவோம். சீதக்காதி வள்ளலைப் போற்றி எழுந்த நொண்டி நாடகம் ஒன்று இருக்கிறது. திருடப் போய்க் கால் வெட்டப்பட்ட ஒருவன், வள்ளல் உதவியோடு மக்கா போய்க் கால் திரும்பப் பெறும் கதை. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்துக் கடல் வணிகமும் குதிரையும் ஹஜ்ஜும் ஒரே நாடகத்தில் வருகின்றன. இதை இலக்கியமாகப் பாடம் நடத்துகிறோம். ஒற்றைக் காலில் நின்று ஒருவன் இதை எப்படி ஆடியிருப்பான் என்று கேட்டுப் பாருங்கள், வேறு ஆய்வு ஒன்று கிளம்பும்.

அடுத்து, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கோயில் கொடைகளும் நாடகங்களும் மும்முரமாக நடக்கிற பருவமும் அதுதான். தடைக்காலம் வருவதற்கு முன்னால் கடலோர ஊர்களில் நாடகத் தேதி எப்படி வைத்தார்கள், இப்போது எப்படி மாறியிருக்கிறது? பழைய நோட்டீஸ்களை ஊர்வாரியாகச் சேர்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

மேடையைப் பாருங்கள். முன்பெல்லாம் தென்னங்கீற்றுக் கொட்டகை. இப்போது ஊருக்கு ஊர் சிமெண்டுக் கலையரங்கம். உயரமான மேடை, மூன்று பக்கமும் சுவர். பபூன் கீழே இறங்கி வந்து கூட்டத்தோடு வம்பு பேசுவது இதனால் குறைந்ததா? என் அம்மா குறைந்தது என்பார். ஒரு மூத்த பபூன், "இறங்குறவன் எங்க இருந்தாலும் இறங்குவான்" என்றார். அளந்து, படம் வரைந்து, இரண்டு வகை மேடையிலும் ஒரே குழுவைப் பார்த்து எழுத ஆள் வேண்டும்.

1990களில் எழுத்தறிவு பரப்ப அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம் வந்ததை நாற்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீதிநாடகம் என்ற நவீன நாடகத்தைப் பல கிராமங்கள் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். அதில் ஆடிய இளைஞர்களும் பெண்களும் இன்று ஆசிரியர்களாக, கடைக்காரர்களாக நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ஞாபகம் மங்குவதற்குள் போய் உட்காருங்கள். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் மன்னார், யாழ்ப்பாணத்து முதியவர்களிடமும் கூத்து வரிகள் இருக்கும். அங்கே போவதற்கு முறையான அனுமதி வேண்டும். அதைவிடப் பொறுமையும் கனிவும் வேண்டும், ஏனென்றால் பாட்டைக் கேட்டால் ஊரின் நினைவும் சேர்ந்து வரும்.

களப்பணிக்கு முதன்முதலில் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை இருங்கள். 'நாரதர், வள்ளி தர்க்கம் பார்த்தாச்சு, கிளம்பலாம்' என்று பாதியில் எழுந்து போகிறவருக்கு எதுவும் கிடைக்காது. ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு மேடையில்தான் சேர்கிறார்கள். ஆகவே எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தச் சுருதியில் நிற்பார், எங்கே மடக்குவார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் முடிவாகிறது. இதைப் பிடித்து நிறுத்துகிறவர் ஆர்மோனியக்காரர். நாடகம் பற்றி உங்களுக்கு ஒருவரிடம் மட்டும் பேச நேரம் இருக்கிறது என்றால் அவரிடம் பேசுங்கள்.

ஒப்பனை அறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். பதிவு செய்வதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேளுங்கள். ஊர்ப் பெரியவரிடம் வாங்கிய அனுமதி நடிகையின் அனுமதி ஆகாது. பேட்டிக்கு அவர்களின் பகல் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். பதிவின் நகலைத் திருப்பிக் கொடுங்கள். நான் முதல் வருஷம் இதைச் செய்யவில்லை. ஒரு குடும்பம் இரண்டு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் பக்கம்தான் நியாயம்.

பெண்பிள்ளையை ராத்திரி முழுக்க நாடகம் பார்க்க எப்படி அனுப்புவது?

பெற்றவர்கள் கேட்கிறார்கள். பயம் எனக்கும் தெரியும். என்னோடு முதல் ஆறு மாதம் சின்னம்மா வந்தார். வெற்றிலைப் பையோடு பெண்கள் பக்கம் உட்காருவார். பிறகு நாடகம் பார்க்க வரும் ஊர்ப் பெண்களே எனக்குத் துணை ஆனார்கள்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். வள்ளியாக நிற்கும் அந்த அக்காவும் அதே ராத்திரியில்தான் வருகிறார், விடியலில் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிறார். 'நாடகக்காரி' என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்தப் பயணத்தில் நடிகைகள் தங்களைச் சுற்றி எப்படி ஒரு வேலி அமைத்துக்கொள்கிறார்கள் என்று சைஸர் எழுதிய பகுதியைப் படித்தால், இந்தத் துறைக்குப் பெண் ஆய்வாளர்கள் ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையிருக்காது.

வேலை கிடைக்குமா?

நாடகத் துறைகள் குறைவு, ஆகவே அந்தப் பணியிடங்களும் குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் நிகழ்த்துகலை தனிப் பாடமாக இருக்கிறது, எழுதுங்கள். தமிழில் பட்டம் இருந்தால் தமிழ்த் துறை வேலைக்கும் வழி திறந்திருக்கும். ஊடகம், பள்ளி நாடகப் பயிற்சி என்று போனவர்களும் உண்டு. சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டிய வீடு என்றால் முதலில் பி.எட். முடித்துவிட்டு வரச் சொல்வேன்.

"எங்களப் பத்தி எழுதுறீக. எங்களுக்கு என்ன?"

இது ஒரு ஸ்திரீபார்ட் அக்கா என்னிடம் கேட்டது. இருபது வருஷத்துக்கு மேல் வள்ளியாக நின்றவர். நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆய்வேட்டால் அவருக்குப் பணம் வராது. நல வாரிய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன், அதைப் பெரிய உதவி என்று சொல்ல மாட்டேன். எந்த ஊரில், எந்த வருஷம், யாரோடு ஆடினார் என்று நோட்டீஸ்களைச் சேர்த்து வரிசைப்படுத்தி ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். அதை மகளிடம் காட்டி, "இம்புட்டு ஊரு போயிருக்கேனா தாயி!" என்றார்.

பிறகு, நான் பதிவு செய்திருந்த ஒரு ராத்திரியைப் போனில் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுத் தர்க்கத்தையும் கேட்டார். தொடையில் தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்துல சுதி விட்டுப்போச்சு. அடுத்த மாசம் திருப்பாலைக்குடியில நாடகம் இருக்கு. அங்க வந்து இன்னொரு தடவ பிடி."